கேன்காரர் இன்னும் வருகிறார்

மார்ச் 3

அன்புள்ள கோபக்காரிக்கு,

பாப்பாவுக்கு முத்தம். எங்கள் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒருவழியாகப் புதுசாகிவிட்டது. வடிகட்டும் தொட்டிகளில் பழைய மணலை அள்ளிவிட்டுப் புது மணல் போட்டோம். குளோரினைக் கையால் கரைத்து ஊற்ற வேண்டாம், கருவியே அளந்து விடுகிறது. சோதனையில் எல்லாம் சரி.

ஊர்க்காரர்கள்தான் என்னைக் குழப்புகிறார்கள். பக்கத்து வீட்டு டெய்லர், "கலங்கலா வந்தப்போ கொதிக்க வெச்சுக் குடிச்சோம். இப்ப இவ்ளோ பளிச்சுனு வருது. என்னத்தைக் கலக்குறீங்களோன்னு பயமா இருக்கு" என்கிறார். இவருக்கு என்ன பதில் சொல்வது?

பாப்பா வயிறு கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகு, தண்ணீர் சரியானால்தான் திரும்புவேன் என்று அம்மா வீட்டுக்குப் போனாய். சரியாகிவிட்டது. வா.

கேன் தண்ணீர்க்காரர் மணி அடிக்கிறார். கதவைத் திறக்கப் போகிறேன்.

உன்,
தண்ணீர்க்காரன்


மார்ச் 11

என்னங்க,

பாப்பா நலம். அப்பாவைப் பார்க்கணும் என்று நச்சரிக்கிறாள். உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். குழாயில் நல்ல தண்ணீர் வருகிறது என்கிறீர்கள். அப்புறம் கேன்காரருக்கு நம் வீட்டில் என்ன வேலை? நீங்களே குடிக்காததைப் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பேன்? சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியவில்லை.

கோபக்காரி


மார்ச் 19

கோபக்காரிக்கு,

நீ கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. நான் ஏன் கேன் வாங்குகிறேன்? பழக்கமா, பயமா, தெரியவில்லை. நிலையத்தில் தண்ணீரைச் சோதித்து, 'குடிக்க ஏற்றது' என்று கையெழுத்துப் போடுகிறேன். வீட்டுக்கு வந்து கேனைச் சாய்க்கிறேன். டெய்லரைக் கேலி செய்தேனே, அவரும் நானும் ஒரே கட்சிதான்.

நேற்று ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீர் பிடித்து மேசைமேல் வைத்தேன். பாப்பாவின் கையில் ட்ரிப்ஸ் ஏறியதுதான் கண்ணுக்குள் நின்றது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. கேன்காரரிடம் இனி வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

ஆனாலும் நீயும் பாப்பாவும் வரலாமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போன தடவை 'வா' என்று சுலபமாக எழுதினேன். இந்தத் தடவை கை வரவில்லை.

தண்ணீர்க்காரன்


மார்ச் 28

என்னங்க,

'வா' என்று எழுதாத கடிதத்தைத்தான் நம்பத் தோன்றுகிறது. ஏனென்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருகிறோம். பஸ் நிலையத்துக்கு வரும்போது பாட்டிலில் நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர் கொண்டு வாருங்கள். முதலில் நான் குடிக்கிறேன். பாப்பாவுக்குக் கொடுப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அதே,
கோபக்காரி