மாமாவின் மஞ்சள் மாத்திரை

மார்ச் 4, செவ்வாய்

பார்சல் வந்துவிட்டது. எங்கள் தெருவில் போனிலேயே மருந்து வாங்கிய முதல் ஆள் நான்தான். ஐந்தாம் வகுப்போடு போதும் என்று என்னை வீட்டுக்கு அனுப்பிய டீச்சர் இப்போது எதிரே வரட்டும், பார்க்கலாம். பழைய டாக்டர் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினேன், அவ்வளவுதான். மாமாவுக்கு பிரஷர் மாத்திரை, தோலுக்கு ஆயின்மென்ட், அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரை எல்லாமே கடையில் விற்பதில் பாதி விலை.

மாமா என் வீட்டுக்காரரின் அப்பா. ஆயுசெல்லாம் பஸ் ஓட்டிய மனிதர். இப்போது முழங்கை, முழங்கால், மண்டை எல்லாம் தோல் செதில் செதிலாக உதிர்கிறது.

"மறுபடியும் சட்டை உரிச்சிட்டீங்களா மாமா?"

"கிட்ட வராதே, கொத்திடுவேன்."

மஞ்சள் மாத்திரைதான் விலை கூடினது. அதனால் தெருமுனை மருந்துக்கடைக்காரர் ஞாயிறுதோறும் ஒன்றே ஒன்று வெட்டிக் கொடுப்பார். மாமா அங்கேயே தண்ணீர் வாங்கி விழுங்கிவிட்டு, ஊர்க்கதை பேசிவிட்டு வருவார். இப்போது வீட்டில் அட்டை அட்டையாக இருக்கிறது.

"இனிமே என்ன கஞ்சத்தனம்? பணக்காரங்க மாதிரி தினமும் போடுங்க" என்றேன். "சரிங்க மகாராணி" என்று வாயைத் திறந்து காட்டினார். கிழமைக்கு ஒரு குழியாக இருக்கும் மாத்திரை டப்பாவின் ஏழு குழியிலும் ஒவ்வொன்று போட்டு வைத்தேன்.

சாயந்திரம் மருந்துக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "மாத்திரையெல்லாம் எப்படிச் சாப்பிடணும்னு தெரியுமாம்மா?" "வாயாலதான்" என்றேன். சிரிக்கவே இல்லை, பாவம். "அதில்லம்மா, அந்த மஞ்சள் மாத்திரை..." என்று ஆரம்பித்தாள். "ரொம்ப நாளா சாப்பிடறவர்தான், எல்லாம் அத்துப்படி, அடுப்புல தீயுது" என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

தோல் கொஞ்சம் அடங்கின மாதிரி இருக்கிறது. மாமா கண்ணாடி முன்னால் நின்று தலை வாரினார். "பொண்ணு பார்த்துடலாமா?" என்றேன். சீப்பு பறந்து வந்தது.

மார்ச் 11, செவ்வாய்

மாமா சோற்றை ஒதுக்கிவிட்டார். வாயெல்லாம் புண். "பொய் சொன்னா நாக்குதான் புண்ணாகும், மொத்த வாயும்னா எவ்வளவு பெரிய பொய்?" என்று கேட்டேன். சிரித்தார். சிரிக்கும்போதே வலித்திருக்க வேண்டும், கண் கலங்கிவிட்டது. சூடு என்று நினைத்து மோர் கொடுத்தேன்.

மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

மார்ச் 13, வியாழன்

தலையணை உறையில் சிவப்பாகப் புள்ளிகள்.

நான் சலவைக்கூடத்தில் துணி தேய்ப்பவள். எந்தக் கறை எது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். இது பல் ஈறிலிருந்து வந்த ரத்தம். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தேன்.  எதற்குப் பயப்பட வேண்டும்? வாய்ப்புண்தானே?

உடம்பு லேசாகச் சுடுகிறது. முழங்கையில் நான் பிடித்த இடம் நீலமாகக் கன்றிப்போயிருக்கிறது. நான் அழுத்திப் பிடிக்கவே இல்லை.

மார்ச் 14, வெள்ளி

வாய்ப்புண்ணுக்குத் தடவ ஏதாவது வாங்கலாம் என்று தெருமுனைக் கடைக்குப் போனேன். கடைக்காரர்தான் முதலில் கேட்டார். "பெரியவரை ஞாயித்துக்கிழமை காணோமே, வெளியூரா?"

எனக்குக் கூச்சம். மருந்தை வேறு இடத்தில் வாங்கிவிட்டோம் என்று எப்படிச் சொல்வது? இழுத்து இழுத்துச் சொன்னேன். "அந்த மஞ்சள் மாத்திரைகூடத் தினமும் போடறாரு அண்ணே, வாய் மட்டும்தான் புண்ணாயிடுச்சு..."

"தினமுமா?"

அவர் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"நீங்க விலைக்காகத்தானே ஒண்ணொண்ணா வெட்டிக் குடுத்தீங்க?"

"விலைக்கா? ஐயோ அம்மா, அது வாரத்துக்கு ஒண்ணுதான். பெரியவர் மறந்து இன்னொண்ணு போட்டுடக் கூடாதுன்னுதான் என் கண்ணு முன்னால விழுங்க வெச்சேன். அது விஷமாயிடும்மா. ஓடுங்க!"

கடையை அப்படியே போட்டுவிட்டு அவரே ஆட்டோ பிடித்து வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் மாமா என் தோளில் சாய்ந்திருந்தார். நான் அவரைத் தொடவே பயந்தேன். தொட்ட இடமெல்லாம் கன்றுகிறதே.

பெரிய டாக்டர் அம்மா டப்பாவைத் திறந்து பார்த்தார். "இதை அடுக்கினது யார்?"

"நான்தான்" என்றேன். அதே நேரத்தில் மாமாவும் அந்தப் புண் வாயோடு "நான்தான்" என்றார்.

டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்தார். "யாராவது ஒருத்தர் உண்மையைச் சொல்லுங்க. என்னைக்கு ஆரம்பிச்சது?" நான் சொன்னேன்.

மார்ச் 15, சனி

ரத்தத்தில் வெள்ளை அணு ரொம்பக் கீழே போய்விட்டதாம். மாத்திரையின் விஷத்தை முறிக்க ஊசி போட்டிருக்கிறார்கள். "கேட்குமா டாக்டர்?" என்றேன். "பார்க்கலாம்" என்றார். பார்க்கலாம் என்றால் என்ன? பார்த்து என்ன ஆகும்?

வீட்டுக்காரர் லாரியோடு வெளியூரில். போனில் சொன்னேன். "நீ படிச்சுப் பார்க்கலையா?" என்றார். மாத்திரை அட்டையில் இருக்கிற இங்கிலீஷ் எழுத்து எனக்குப் படிக்க வராது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டார். அப்புறம், "அழாதே, வந்துட்டு இருக்கேன்."

அந்த மருந்துக் கம்பெனிப் பொண்ணு போனில் சொல்ல வந்தாளே. அடுப்பில் ஒன்றும் தீயவில்லை. ஒன்றுமே இல்லை. சும்மா சொன்னேன்.

மார்ச் 16, ஞாயிறு

காய்ச்சல் இறங்கவில்லை. முகமூடி போட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். எனக்குச் சளி பிடித்திருந்து மாமாவுக்கு ஒட்டிக்கொண்டால்? மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

மார்ச் 19, புதன்

இன்றைக்கு இரண்டு வாய் கஞ்சி. அணு ஏறத் தொடங்கியிருக்கிறதாம். டாக்டர் அம்மா கொஞ்சம் சிரித்தார். நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மாமா சைகை காட்டிக் கிட்டக் கூப்பிட்டார். "ஏன் வாயை மூடிக்கிட்டு இருக்கே? கிண்டல் ஒண்ணு சொல்லேன்."

 "வீட்டுக்கு வாங்க மாமா" என்றேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மாமா வீட்டில் இருக்கிறார். மஞ்சள் மாத்திரை இனி கிடையாது, ஆயின்மென்ட் மட்டும்தான். காலையில் தலையணை உறையை உதறினேன். வாசலெல்லாம் செதில். சிவப்பு ஒரு புள்ளிகூட இல்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"என்ன, பாம்பு வந்துட்டுதா?" என்றார் உள்ளேயிருந்து.

"முழுசா வந்துட்டுது மாமா."

ஏப்ரல் 9, புதன்

ஆயின்மென்ட் பார்சல் வந்தது. சாயந்திரம் போன். அதே குரல்.

"எப்படிப் போடணும்னு தெரியுமாம்மா?"

அடுப்பை அணைத்தேன். மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, போனைச் சத்தமாக வைத்தேன்.

"தெரியாதும்மா. முதல்லேர்ந்து சொல்லு."