கையிலிருந்து வந்த நாக்கு

12 ஆகஸ்ட் 2024

காலையில் நான்கு பேருக்குக் கார் வகுப்பு. பூந்தமல்லி டிரங்க் ரோட்டில், மெட்ரோ வேலைக்கு வைத்திருக்கும் தகரத் தடுப்பை ஒருத்தி உரசப் பார்த்தாள். என் காலடியில் இருக்கும் பிரேக்கை மிதித்துக் காப்பாற்றினேன். மத்தியானம் சாம்பார் சாதம் இறங்கவில்லை. நாக்கின் இடது ஓரத்தில் உள்ள புண், காரம் பட்டால் எரிகிறது. மூன்று வாரமாகக் களிம்பு தடவியும் ஆறவில்லை. டிரைவிங் ஸ்கூல் முதலாளி அமல்ராஜ் பார்த்துவிட்டு, "அக்கா, நாளைக்கு லீவு போட்டுட்டு டாக்டராண்ட போங்க. இன்னொரு வாட்டி சொல்ல மாட்டேன்" என்றார். மூன்றாவது முறையாக இதையே சொல்கிறார்.

29 ஆகஸ்ட்

புண்ணில் ஒரு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். ரிப்போர்ட் வந்துவிட்டது. புற்றுநோய்.

நான் இன்னா பண்ணேன்? வெத்தல பாக்குகூடப் போட்டதில்லியே!

திருமுல்லைவாயில் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் வீட்டுக்காரர் நேராகப் போய் பைக்கைக் கழுவினார். நேற்றுதான் கழுவியிருந்தார்.

3 செப்டம்பர்

டாக்டர் ஜீனத் காகிதத்தில் வரைந்து காட்டினார். பாதி நாக்கை எடுத்துவிடுவார்கள். இடது முன்கையிலிருந்து தோலையும் ரத்தக் குழாயையும் சேர்த்து எடுத்து, அதை நாக்காக மடித்துத் தைப்பார்கள். கையில் விழும் பள்ளத்துக்குத் தொடையிலிருந்து தோல்.

"அது கியர் போடுற கை, டாக்டர்."

"போடலாம்மா. ரெண்டு மாசம் பொறுங்க, லாரியே ஓட்டலாம்."

புது நாக்குக்குச் சுவை தெரியாது, தொட்டால் உணர்ச்சி இருக்காது, அதில் நரம்பு இல்லை என்றும் சொன்னார். வீட்டுக்காரருக்கு ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் வாய் திறந்தது. திரும்பி வரும்போது பைக்கில் மெதுவாக, "நரம்பில்லாத நாக்குன்னு இருவது வருசமா நான் சொன்னப்ப சண்டைக்கு வந்தியேமே. இப்ப டாக்டரே சொல்லிட்டாங்க" என்றார். முதுகில் ஒரு குத்து விட்டேன். இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் வீடு வரைக்கும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார். தூசியாம்.

18 செப்டம்பர்

உயிரோடு இருக்கிறேன். கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை, மூக்கில் சாப்பாட்டுக்கு ஒரு குழாய், இடது கையில் பெரிய கட்டு. பேச முடியாது. வலது கை இருக்கிறது, எழுதுகிறேன்.

ஆபரேஷன் பன்னிரண்டாம் தேதி நடந்தது. ஒன்பது மணி நேரம். பிறகு ஒரு மணிக்கு ஒரு தடவை நர்ஸ் வந்து வாயில் டார்ச் அடித்து நிறம் பார்ப்பார். பதினான்காம் தேதி புது நாக்கு நீலமாகிவிட்டது. ஊசியால் குத்தினால் கருப்பு ரத்தம் வந்ததாம். ரத்தம் திரும்பிப் போகும் குழாயில் அடைப்பு. மறுபடி உள்ளே தள்ளிக்கொண்டு போய் அடைப்பை எடுத்து, திரும்பத் தைத்திருக்கிறார்கள். எனக்கு எதுவும் நினைவில்லை. மகள் நிஷாதான் இன்று சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் வீட்டுக்காரர் குறுக்கே புகுந்தார்: "இப்ப செவப்பா கீது. நானே பாத்தேன். ரோஜாப்பூ மாதிரி." எனக்கு அவர் ஒரு ரோஜாப்பூகூட வாங்கிக் கொடுத்ததில்லை.

21 செப்டம்பர்

பக்கத்துக் கட்டிலில் பூந்தமல்லி அஷ்ரஃபுன்னிசா அக்கா. அவருக்குத் தாடையில் பாதியை எடுத்துவிட்டு, கால் எலும்பை அறுத்து வைத்திருக்கிறார்கள். அவராலும் பேச முடியாது. ஆளுக்கொரு சிலேட்டு வைத்துக்கொண்டு ஓயாமல் அரட்டை. இன்று எழுதிக் காட்டினார்: "உனக்குக் கை, எனக்குக் கால். இனிமே நீ கை நீட்டிப் பேசுவ, நான் நடந்துக்கினே பேசுவேன்." சிரித்தால் தையல் இழுக்கிறது. இரண்டு பேருமே சிரிக்கக் கூடாது என்று நர்ஸ் சிலேட்டுகளைப் பிடுங்கி வைத்துவிட்டார்.

25 செப்டம்பர்

முதல் முறையாக ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். விழுங்கினேன். கழுத்துக் கட்டு நனைந்தது. வாயில் ஊற்றியது கழுத்தின் ஓரம் வழியாக வெளியே வருகிறது. உள்ளே ஒரு தையல் விட்டுவிட்டதாம்.

எத்தினி தான் வரும் ஒருத்திக்கு? போதும்.

டாக்டர் ஜீனத் கட்டிலில் உட்கார்ந்து சொன்னார்: "வாயால ஒண்ணும் வேணாம். மூக்குக் குழாய் இருக்கட்டும். முக்காவாசி தானா மூடிக்கும். மூடலன்னா நெஞ்சுலருந்து சதை எடுத்து அடைக்கணும்." இன்னும் எங்கேயிருந்தெல்லாம் எடுப்பார்கள் என்னை?

27 செப்டம்பர்

எடுத்த சதையின் ரிப்போர்ட் வந்தது. கூடவே கழுத்திலிருந்து எடுத்த நெறிக்கட்டிகள் எதிலும் நோய் பரவவில்லை. கதிர் வைத்தியம் வேண்டாம் என்கிறார்கள். நிஷா வார்டிலேயே குதித்தாள்.

2 அக்டோபர்

இன்றும் கசிவு.

5 அக்டோபர்

இன்றும். கொஞ்சம் குறைவா? இல்லை, எனக்கு அப்படித் தோன்றுகிறதா?

12 அக்டோபர்

மூன்று நாளாகக் கட்டு காய்ந்தே இருக்கிறது. தண்ணீர் கொடுத்தார்கள், வெளியே வரவில்லை. குழாயை உருவிவிட்டார்கள். நிஷா வீட்டிலிருந்து ரவைக் கஞ்சி கொண்டுவந்தாள். இடது பக்கம் மரக்கட்டை மாதிரி இருக்கிறது, வலது பக்கம் உப்பு தெரிந்தது. உப்பு கொஞ்சம் கூடுதல். எழுதிக் காட்டினேன். "ருசி வந்ததும் வராததுமா குறை சொல்றியாம்மா!" என்று கட்டிக்கொண்டாள்.

8 நவம்பர்

கழுத்துத் துளை மூடி மூன்று வாரம். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் "வாழைப்பழம்" சொல்லச் சொன்னார். நாக்கை மடிக்க முடிந்தால்தானே ழ வரும்? பத்துத் தடவை முயன்றும் "வாயப்பயம்" என்றுதான் வந்தது. எனக்கு அழுகை முட்டியது. கூட வந்த வீட்டுக்காரருக்குப் புரியவே இல்லை. "மேடம், அவ கரீட்டாதான சொல்றா? எங்க ஊட்ல எல்லாரும் வாயப்பயம்னுதான் சொல்வோம்." அந்தப் பெண் சிரித்துச் சிரித்து நோட்டுப் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டார்.

10 டிசம்பர்

வாயில் ஏதோ சுருக்கென்று குத்துகிறது. திரும்பவும் அதுவா? நிஷா டார்ச் அடித்துப் பார்த்தாள். "ம்மா... நாக்குல முடி!"

கைத் தோல் அல்லவா, எங்கே போனாலும் தன் வேலையைச் செய்கிறது. டாக்டர் ஜீனத் சின்னக் கத்தரியால் நறுக்கிவிட்டார். பயப்பட ஒன்றுமில்லையாம். "நாக்குக்கு முடி வெட்டிக்கினு வந்தவ ஆவடி லைன்லயே நீ ஒருத்திதான்" என்றார் வீட்டுக்காரர்.

6 ஜனவரி 2025

வேலைக்குப் போனேன். அமல்ராஜ் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "ஆபீஸ்ல உக்காந்து ஃபார்ம் எழுதுங்கக்கா. வண்டி இப்ப வேணாம்." நல்ல மனசோடுதான் சொன்னார். போன் அடித்தது, எடுத்துப் பேசினேன். அந்தப் பக்கம் ஒரு ஆள், "இன்னாம்மா, காலங்காத்தாலயே தூக்கமா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டான். பாத்ரூமில் போய் அழுதேன். முகம் கழுவிவிட்டு இன்னும் ஆறு ஃபார்ம் எழுதினேன்.

16 பிப்ரவரி

ஞாயிறு. அமல்ராஜிடம் சொன்னேன்: "நீங்களே கத்துக்க வந்த ஆளா உக்காருங்க. நான் சொல்றது புரியலன்னா, வாழ்நாளெல்லாம் ஃபார்மே எழுதறேன்."

ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனை: காதில் விழுந்ததை மட்டுமே செய்வார், ஊகிக்க மாட்டார். வேலப்பன்சாவடிப் பக்கம் கூட்டமில்லாத தெருவாகப் பார்த்துப் போனோம். "ரெண்டாவது கியர்" புரிந்தது. "கண்ணாடி பாருங்க" புரிந்தது. "இடது பக்கம் திரும்புங்க" என்றேன், நேராகப் போனார். எதிரே முட்டுச் சந்து, அதன் கடைசியில் டீக்கடை பெஞ்சு, பெஞ்சில் இரண்டு பேர். வேண்டுமென்றே போகிறார், பாவி! என் காலடி பிரேக்கை மிதிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"யோவ்! கால எடுய்யா! நிறுத்து!"

வண்டி நின்றது. டீ குடித்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அமல்ராஜ் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சொன்னார்: "இது நல்லாவே கேட்டிச்சிக்கா." முதலாளியை யோவ் என்று கூப்பிட்டுவிட்டேனே என்று அப்புறம்தான் உறைத்தது. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, மார்ச்சிலிருந்து தினமும் இரண்டு வகுப்பு எடுக்கச் சொன்னார். "இடது"க்குக் கையையும் காட்ட வேண்டுமாம். சரி.

7 ஏப்ரல்

இன்று வகுப்பு முடிந்ததும் அமல்ராஜ் ஆபீசுக்குக் கூப்பிட்டார். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, போனில் வந்திருந்த புகாரைப் படித்தார். போன வாரம் சேர்ந்த ஜோயா என்ற பெண் அனுப்பியது. என் வாயைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது.

"சார், மேடம் நல்லாதான் சொல்லிக் குடுக்குறாங்க. ஆனா ஏறினதுலருந்து எறங்குற வரைக்கும் பேசிக்கினே வர்றாங்க. நான் ரோட்டப் பாக்கறதா, அவங்க கதயக் கேக்கறதா?"

அவரால் கடைசி வரிக்கு மேல் கடுமையாக இருக்க முடியவில்லை. அந்தப் புகாரை எனக்கு அனுப்பச் சொல்லி, வீட்டுக்காரருக்கு, நிஷாவுக்கு, டாக்டர் ஜீனத்துக்கு, அஷ்ரஃபுன்னிசா அக்காவுக்கு, எல்லாருக்கும் அனுப்பினேன்.

நாளை காலை ஏழு மணிக்கு ஜோயாவுக்கு மறுபடியும் வகுப்பு. கரையான்சாவடி வரைக்குமாவது பேசாமல் வர வேண்டும்.