எல்லாரும் கிளாஸைத் தூக்கியபோது

அன்புள்ள ஷாரன் தாத்தாவுக்கு,

கர்த்தர் கிருபையால் மைசூரில் நானும் ஷாரனும் அவள் குழந்தையும் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

ஷாரனுக்குப் பதவி உயர்வு! ஆபீஸ் பக்கத்து பாரில் விருந்து வைத்து என்னையும் கூட்டிப்போனாள். பயப்படாதீர்கள், எனக்கு ஒயின் கிளாஸில் மிளகு ரசம்தான் வந்தது. எல்லாரும் கிளாஸைத் தூக்கி என்னைப் பார்த்தார்கள். மூத்தவளை ஜெபிக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்துக் கண்ணை மூடி ஆரம்பித்துவிட்டேன்.

"ஐயோ பாட்டி, சியர்ஸ் அஷ்டே, அவ்வளவுதான்!" என்று ஷாரன் கிள்ளினாள்.

"இருக்கட்டும் ஷாரன், அஜ்ஜி முடிக்கட்டும்" என்றார் அவள் கன்னட மேனேஜர்.

குழம்பு ஆறுகிறதென்று நான் சண்டை போடுவேனே, உங்களுடைய அந்த நீளச் சாப்பாட்டு ஜெபம்தான் முழுசாக வந்தது. முதல் ஆமென் ஷாரனுடையது.

தனியாகத்தானே என்று ஜெபத்தைச் சுருக்காதீர்கள். எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று எழுதுங்கள், நானும் அப்போதே உட்காருகிறேன். குழந்தை அழுகிறது.

உங்கள் ஞானம்மாள்