இன்னும் பால் காய்ச்சாத வீடு

உ

கண்டி,
14.09.2025

அன்புள்ள லீலாவுக்கு,

சேதுராமன் எழுதிக்கொள்வது. நான் சுகமாக இருக்கிறேன். பிரஷர் மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன், நீ நம்பமாட்டாய் என்பதும் தெரியும். நீயும் தர்ஷிகாவும் மாப்பிள்ளையும் பேரனும் அந்தக் குளிர் ஊரில் ஒரு குறையுமில்லாமல் இருக்க அம்மன் காப்பாற்றட்டும்.

தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற மனிதர் எதற்காகப் பேனாவைத் தூக்கினார் என்று நினைப்பாய். நீ போனை எடுத்ததும் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாய். ஒரு பக்கம் மகள், மறுபக்கம் மாப்பிள்ளை, நடுவில் பேரன் போனைப் பிடுங்கி நக்குகிறான். கட்டிய பெண்சாதியிடம் தனியாக ஒரு வார்த்தை பேச எனக்கு வழியில்லை. மாப்பிள்ளை திலீபனின் நண்பர் ஒருவர் லீவில் வந்திருக்கிறார். இந்த வாரம் டொரன்டோ திரும்புகிறாராம். கறித்தூளோடும் பேரனுக்கு வாங்கிய வசம்பு வளையலோடும் இதையும் அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீ போன மறு வாரம் நான் அனுப்பிய படத்தைப் பார்த்து, "இதுதாங்க, வேற தேடாதீங்க" என்று சொன்னாயே, அந்த வீடு நன்றாக இருக்கிறது. குத்தகை வீடுதான் என்றாலும் வீட்டுக்காரரிடம் கேட்டுக் கூரையில் இரண்டு ஓடு மாற்றினேன். உன் முழங்காலுக்காகக் குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டாயிற்று. குசினி ஜன்னலை அகலப்படுத்தச் சொன்னாய், அதுவும் முடிந்தது. தெல்தெனிய ஆஸ்பத்திரிக்குத் திரீவீலரில் போய்விடலாம். பஸ் தெருவிலிருந்து உள்ளே நடக்கிற தூரத்தில் ஹார்ன் சத்தம் முழுதாக அடங்கிவிடுகிறது. முதல் நாள் அங்கே உட்கார்ந்தபோது என் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

இனி ஒரு செய்தி சொல்லப் போகிறேன், கோபிக்கக் கூடாது. நீ படத்தில் பார்த்த தண்ணீர் இப்போது அங்கே இல்லை.

நான் பார்க்கப் போன நேரம் விக்டோரியா நீர்த்தேக்கம் நிறைந்து, தண்ணீர் நம் வேலிக்குக் கீழே வந்து நின்றது. மாசி மாதத்தில் பார்த்துவிட்டு வருஷம் முழுக்க அப்படியே இருக்கும் என்று நினைத்துவிட்டேன். ஆடியில் இறங்கத் தொடங்கியது. ஆவணியில் வேலியில் நின்று பார்த்தால் வெறும் செம்மண் சரிவு, அதற்கும் கீழே எங்கேயோ ஒரு கோடு மாதிரித் தண்ணீர். உன் அண்ணன் ராஜலிங்கம் ஒரு நாள் வந்து பார்த்தார். "மச்சான், ஏரி எங்க, வெளிநாடு போயிருச்சா?" என்று கேட்டுவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். கண்டி வாவியைச் சுற்றியே நடந்து வயதாகிப்போன நமக்குத் தண்ணீர் இடம் மாறும் என்று எப்படித் தெரியும்? நம் வாவி அந்த மதில் கட்டுக்குள்ளே எப்போது பார்த்தாலும் ஒரே மாதிரிதானே கிடக்கும். மாலையில் புகையைக் குடித்துக்கொண்டு அதைச் சுற்றி வரும்போதெல்லாம், பஸ் இல்லாத ஒரு தண்ணீர்க் கரை போதும் என்று நீதான் சொல்வாய். பஸ் இல்லாத கரை கிடைத்தது, தண்ணீர்தான் லீவில் போய்விட்டது.

இதை இத்தனை நாள் உன்னிடம் சொல்லாமல் இருந்தேன். வீடியோவில் காட்டச் சொல்லிக் கேட்டபோது சிக்னல் இல்லை என்றேன். சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு இப்போது அந்த வெறும் சரிவும் பிடித்துப்போய்விட்டது. தண்ணீர் இறங்கிய இடத்தில் புல் முளைத்து எருமைகள் மேய்கின்றன. ஊர்க்காரர்கள் அந்த ஈரமண்ணில் பூசணியும் பயற்றங்காயும் போடுகிறார்கள். மழை பிடித்துத் தண்ணீர் ஏறுவதற்குள் அறுவடை முடித்துவிடுவார்களாம். யாருக்கு எந்த இடம் என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு உண்டு. நம் வேலிக்கு நேரே ஒரு துண்டை எனக்கென்று விட்டுவைத்திருந்தார்கள். நாற்பது வருஷம் ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் மாத்திரை எண்ணிய கை இப்போது மம்பட்டி பிடிக்கிறது. முதல் வாரம் உள்ளங்கை கொப்பளித்து, அதற்கு நானே மருந்து போட்டுக்கொண்டேன். பயற்றங்கொடி ஏறிக் காய்த்துவிட்டது. முதல் பிடியைப் பறித்து அண்ணன் வீட்டில் கொடுத்தேன், அதற்குப் பிறகு அவர் ஏரியைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆட்களைப் பற்றி உனக்குப் பயம் இருந்தது. நம்மவர் யாரும் இல்லாத இடத்தில் வயதான காலத்தில் எப்படி இருப்பது என்று, அந்தப் பக்கம் வீடு தேடப் போவதாக நான் சொன்னபோதே, விமானம் ஏறுமுன் கேட்டாய். உண்மைதான், பக்கத்தில் எல்லாம் சிங்கள வீடுகள்தான். மாரியம்மன் கோயிலுக்குத் தேயிலைத் தோட்டப் பக்கம் ஏறிப் போக வேண்டும். ஆனால் நான் மருந்தகத்தில் வேலை செய்தவன் என்று எப்படியோ தெரிந்துவிட்டது. நான் போகிற நாளில் கிளினிக் மாத்திரைப் பைகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். எது காலைக்கு, எது சாப்பாட்டுக்குப் பிறகு என்று பிரித்துக் கொடுக்கிறேன். 'பெஹெத் மாத்தயா', அதாவது மருந்து ஐயா, என்று பெயரும் வைத்தாயிற்று. பதிலுக்கு வாழைக்காயும் ஏரியில் பிடித்த ஜப்பான் மீனும் வேலியில் தொங்குகின்றன. மீனைக் கழுவத் தெரியாமல் நான் படும் பாட்டை நீ பார்க்க வேண்டும்.

அடுத்த வீட்டில் சந்திரிகா என்று ஒரு பெண் இருக்கிறாள். உன்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். அக்குறணையில் ஒரு துணிக்கடையில் வெகுகாலம் வேலை செய்தவளாம், அதனால் தமிழ் நன்றாகப் பேசுகிறாள். புருஷன் குண்டசாலைப் பக்கம் மேசன் வேலைக்குப் போகிறான். நம் குளியலறைக் கம்பியைப் போட்டுத் தந்தது அவன்தான். நான் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கிற நேரம் பார்த்து வேலிக்கு மேலால் ஒரு கிண்ணம் சம்பல் வரும். ஏன் மாத்தயா இந்த வீட்டில் ஒரு கோப்பைத் தேத்தண்ணீர்கூடப் போடுவதில்லை என்று ஒரு நாள் கேட்டாள். இன்னும் பால் காய்ச்சவில்லை என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள்.

உனக்கே தெரியும், நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனாலும் பால் காய்ச்சாத வீட்டில் அடுப்பு மூட்ட எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் சாவி கைக்கு வந்த நாளிலிருந்து அங்கே ஒரு இரவும் தங்கவில்லை. சனிக்கிழமை காலைப் பஸ்ஸில் போவேன், பொழுது சாயக் கண்டிக்குத் திரும்பிவிடுவேன். அண்ணனும் சொல்லிப் பார்த்தார், தன் பெண்சாதியைக் கூட்டி வந்து காய்ச்சித் தருவதாக. நான் வேண்டாம் என்றேன்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

காலையில் போய்க் கேட்டைத் திறக்கிறேன், வாசலில் சந்திரிகா குளித்து வெள்ளைச் சட்டை போட்டு நிற்கிறாள். கையில் ஒரு புது மண்பானை. பக்கத்தில் புருஷன், அவன் கையில் பால் போத்தலும் ஒரு கட்டுச் சிரட்டையும். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர்களிலும் புது வீட்டில் பால் பொங்கவைத்துத்தான் குடிபோவார்களாம். வீட்டுப் பெண்தான் செய்ய வேண்டுமாம். மாத்தயாவுக்கு அப்படிச் செய்ய ஒருவரும் இல்லாமல் வீடு பூட்டிக் கிடப்பதைப் பார்க்க மனம் கேட்கவில்லையாம். "நான் உங்க தங்கச்சி மாதிரிதானே, உங்க வீட்டு நோனா இருந்திருந்தா அவங்க செஞ்சிருப்பாங்க" என்றாள்.

லீலா, அவர்கள் நீ செத்துப்போய்விட்டாய் என்று நினைத்துவிட்டார்கள்.

பிழை அவர்கள் மேல் இல்லை. தனியாக வருகிறேன், பார்சல் சாப்பிடுகிறேன், தனியாகப் போகிறேன். பெண்சாதி எங்கே என்று நானாகச் சொன்னதில்லை, அவர்களும் மரியாதைக்குக் கேட்டதில்லை. ஐயோ இல்லை, நோனா இருக்கிறா, கனடாவில் மகளுக்குப் பிள்ளை பிறந்து அங்கே போயிருக்கிறா என்று அவசரம் அவசரமாகச் சொன்னேன். போனை எடுத்து உன் படத்தையும் காட்டினேன், கம்பளித் தொப்பியோடு நீ பேரனைத் தூக்கி வைத்திருக்கிற படம். அவளுக்கு வெட்கம் தாங்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டாள், புருஷனை ஏசினாள், பிறகு எல்லோரும் சிரித்தோம். கொண்டுவந்த பாலில் அவள் வீட்டிலேயே தேத்தண்ணீர் போட்டுக் குடித்தோம். நோனா வந்து காய்ச்சட்டும் என்று பானையை நம் குசினியில் கவிழ்த்து வைத்துவிட்டாள். போகும்போது திரும்பி நின்று, "நோனா எப்ப வருவாங்க?" என்று கேட்டாள்.

வருவா என்று மட்டும் சொன்னேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன். அதுவரைக்கும் என் மனதில் நீ வரப்போகிறவள், நாள்தான் கொஞ்சம் தள்ளிப் போகிறது என்று இருந்தது. முதலில் ஆவணி என்றாய், பிறகு தீபாவளிக்கு முன் என்றாய். போன மாதம் விசாவை நீட்ட எழுதிப் போட்டிருப்பதாகத் தர்ஷிகா சொன்னாள், நீ பக்கத்தில் இருந்தும் வாய் திறக்கவில்லை. போன கிழமை நீ பேரனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரம் அவள் மெதுவாக என்னிடம், அம்மா இங்கேயே இருக்கட்டும் அப்பா, நீங்களும் வந்துவிடுங்கள், அந்த ஏரி வீட்டில் இரண்டு பேரும் தனியாக என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாள். அவள் கேட்டதில் குற்றம் சொல்ல மாட்டேன். மாப்பிள்ளைக்கு இரவு வேலை, வீட்டில் கைக்குழந்தை, உதவிக்கு வேறு யார் இருக்கிறார்கள்? பேரன் உன் மடியில்தான் தூங்குகிறான் என்பதையும் பார்க்கிறேன். அவனைத் தட்டிக்கொடுக்கும்போது உன் முகத்தில் இருக்கிற நிறைவையும் பார்க்கிறேன். அந்த நேரத்தில் எல்லாம் உன்னைக் கூப்பிட எனக்கு நா எழவில்லை.

ஆனாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுத வெட்கமாகவும் இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிட்டேன். அங்கேதான் உன் மனம் நிற்கிறது என்றால் நேராகச் சொல்லிவிடு. வீட்டுக்காரரிடம் பேசிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நான் அங்கே வருகிறேன், அந்தக் கனத்த சப்பாத்தைப் போட்டுப் பனியில் நடக்கவும் பழகிக்கொள்வேன். நீ இல்லாத வீட்டில் குடியிருக்க மட்டும் என்னால் முடியாது, அது ஏரிக்கரையாக இருந்தாலும் சரி. எனக்காகப் பரிதாபப்பட்டு ஓடி வரவும் வேண்டாம். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று ஸ்பீக்கரில் சொல்வது மட்டும் போதும். ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஒரு முறை எடு. உன் மனதில் உள்ளதைச் சொல், எதுவானாலும் கேட்டுக்கொள்கிறேன்.

குளிர் தொடங்கிவிட்டதாகச் செய்தியில் பார்த்தேன். முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்க மறக்காதே. மாப்பிள்ளையிடம் என் விசாரிப்பைச் சொல். பேரன் நோய் நொடியில்லாமல் வளர்ந்து பெரியவனாக வர வேண்டும், அவனை எப்போதும் என் கண்ணுக்குள்ளேயே வைத்திருக்கிறேன் என்று சொல்.

அப்பாவுக்கு என்ன வாங்கி அனுப்பட்டும் என்று தர்ஷிகா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிடு. அனுப்பிவை என்று அவளிடம் நான் கேட்கக்கூடியது ஒன்றுதான் இருக்கிறது. பெற்ற மகளிடம், அதுவும் கைக்குழந்தைக்காரியிடம், அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன்.

என்றும் உன்னுடைய,
சேதுராமன்