வானத்தைக் காவல் காத்த கன்னியம்மாவுக்கு

என் அருமைத் தங்கச்சி கன்னியம்மா,

உனக்கு நடந்த அநியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பழவேற்காட்டு ஏரித் தீவுகளின் நோயாளிகளை ஏற்றிப்போக நீ அலைந்து திரிந்து வாங்கிய எஞ்சின் படகு, நீ மூச்சுக்குத் தவித்துக் கிடந்த ஞாயிற்றுக்கிழமையன்று, பூநாரை பார்க்க வந்த விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. அந்தப் படகை ஏரிக்கரை சர்க்கார் அலுவலகத்தின் கையில் கொடுத்தவன் நான். காகிதத்தில் இருக்கும் கையெழுத்து என்னுடையது. அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். உனக்கு எழுதுவதை ஊர் படிக்கட்டும். படகு எப்படி வந்தது என்று தெரியாதவர்கள் பெருகிவிட்டார்கள். போன வாரம் அலுவலகத்துக்குப் போனேன். புதிதாக வந்திருக்கும் குமாஸ்தா தலையைத் தூக்காமலே, "அது சர்க்கார் படகு, பெரியவரே" என்றார். சர்க்கார் படகா? விமானங்கள் ஆகாயத்தில் குட்டிக்கரணம் போட்டு வாங்கிய படகு அது. அவற்றைக் குட்டிக்கரணம் போட வைத்தவள் நீ.

எல்லையில் நடந்த சண்டை முடிந்து சில வருஷம் ஆன சமயம். திருவள்ளூருக்கு அப்பால் இருந்த ராணுவ விமானத்தளத்தின் மெஸ்ஸுக்கு வாரத்தில் இரண்டு நாள் நீ இறால் கொண்டுபோவாய். பொன்னேரியில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் மாறி, அங்கே இறங்கித் தலைச்சுமையோடு நடை. ஒரு முறை நம் பக்கத்துக் குப்பத்துப் பெரியவரைப் பாம்பு கடித்தது. பாய்மரப் படகில் போட்டுக் கிளம்பினோம். காற்று செத்துப்போய்ப் பாய் தொங்கிவிட்டது. நடு ஏரியிலேயே அவர் முடிந்துபோனார். மறுநாளும் நீ கூடையோடு போனாய். மெஸ் வாசலில் நின்று ஒரு ஜெட் விமானம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாயாம். பக்கத்தில் தளத்து அதிகாரி நின்றிருக்கிறார். பிறகு நடந்ததை மெஸ் சமையல்காரர் முனிரத்தினம் என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார்!

"சார், இதுல ஏறுனா எங்க ஏரிக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

"அஞ்சு நிமிஷம் போதும்மா."

"எங்குளுக்கு அங்கேர்ந்து ஆஸ்பத்திரிக்கு வரப் பாதி நாளு ஆவுது சார். நேத்து ஒருத்தரு பாதி வழியிலயே பூட்டாரு."

அதிகாரி விமானத்தை விட்டு உன் பக்கம் திரும்பினாராம். பிறகு, "உங்களுக்கு என்ன வேணும்?" என்றாராம்.

"எஞ்சின் வெச்ச படகு ஒண்ணு."

"எங்ககிட்ட படகு இல்லையேம்மா. விமானம்தானே இருக்கு."

"அப்ப அத்த காட்டி டப்பு வசூல் பண்லாமே சார்? எங்க பொன்னேரி சந்தையில ஒருத்தன் கொரங்க ஆட வுட்டே குடும்பம் நடத்துறான்!"

முனிரத்தினத்தின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்துவிட்டது. அதிகாரி சிரித்தார். சிரித்தவர் கேட்டுக்கொண்டும் போய்விட்டார், உன் பெயர் என்னவென்று.

வீட்டுக்கு வந்து கூடையை இறக்கியதும் இறக்காததுமாக என்னிடம், "அண்ணா, ஒரு மனு எழுது" என்றாய்.

"இன்னாத்துக்கு?"

"ஏரோப்ளேன் ஷோவுக்கு."

"பைத்தியம் புட்ச்சிக்கிச்சா உனக்கு?"

"புட்ச்சிக்கினுதான் கீது. நீ எழுது."

மீன் கட்டிக் கொடுக்கும் பழைய பேப்பரில் எழுத்துக் கூட்டிப் படித்துத் தமிழ் கற்றவன் நான். பள்ளிக்கூடத்தின் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியாது. ஆனாலும் எழுதினேன். திரும்பி வந்தது. மறுபடி எழுதினேன். 'தாழ்மையுடன்' என்ற சொல்லைப் போடச் சொன்னார்கள். போட மாட்டேன் என்றேன். நீதான் பென்சிலால் ஓரத்தில் போட்டாய் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அதிகாரி மேலிடத்துக்கு அனுப்பி, மேலிடம் அதற்கும் மேலே அனுப்பி, ஒரு பனிக்காலம் போய் அடுத்த பனிக்காலத்தில் அனுமதி வந்தது.

அனுமதி வந்தால் போதுமா? டிக்கெட் அச்சடிக்க வேண்டும். கயிறு, நாற்காலி, தண்ணீர்ப் பீப்பாய், லாரி எல்லாம் வேண்டும். முதலுக்கு எங்கே போவது? நம்மிடம் இருப்பது ஏரி ஒன்றுதான். எந்த நீரில் எந்த நாள் யார் வலை இடுவது என்று கோயிலில் சீட்டுப் போட்டு முறை பிரித்துக்கொள்கிறோம் அல்லவா, பாடு என்று சொல்வோமே, அதில் ஆறு குப்பமும் ஆளுக்கு ஒரு முறையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கேட்டாய். அன்று விழும் இறால் முழுக்க ஷோவுக்கு. கோயிலில் ஒரே சத்தம்.

"வானத்துல போறத பாக்க நாம எதுக்கு எறாவ குடுக்கணும்? அண்ணாந்தா சும்மாவே தெரியுதே!" என்றார் சின்னக்குப்பத்துப் பெரியப்பா.

"நீ அண்ணாந்து பாக்கறதுக்கு இல்ல பெரியப்பா. நீ படுத்துக்கினு போறதுக்கு!" என்றாய்.

அவரே முதலில் கையைத் தூக்கினார்.

டிக்கெட்டை வைத்துக்கொண்டு நீ ஏறாத படி இல்லை. பொன்னேரி அரிசி மில்காரர்கள், நஞ்சை வைத்திருந்த பண்ணைக்காரர்கள், கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்போதுதான் கொட்டகை போட்டு இரும்பு உருக்க ஆரம்பித்திருந்த முதலாளிகள் என்று எல்லோரிடமும் போனாய். ஒரு கம்பெனி காவல்காரர், "மீனு இன்னிக்கு வேணாம், போ" என்று விரட்டியபோது, "மீனு இல்ல நைனா, ஏரோப்ளேன் விக்கிறேன்" என்று சொல்லி உள்ளே போய்விட்டாய்.

ஷோவில் வறுத்த மீன் விற்றால் இன்னும் கொஞ்சம் சேரும் என்று உனக்கு ஒரு ஆசை. அதிகாரி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"அம்மா, மீன் வந்தா பருந்து வரும். ஒரு பருந்து எஞ்சினுக்குள்ள போனா போதும், விமானம் கீழ வந்துடும். மீன் இல்லாமலே இங்க பருந்துத் தொல்லை. அன்னைக்கு ஜனங்க சோத்துமூட்டையோட வருவாங்க. எனக்கு அதை நினைச்சாத்தான் தூக்கம் இல்ல."

"கயுகு ஓட்றதுதான சார்? எங்க பொம்பளைங்க பொறந்ததுலேர்ந்து அத்தத்தான் பண்ணிக்கினு கீறாங்க."

காயப்போட்ட கருவாட்டைப் பருந்திடமிருந்து காப்பது நம் பெண்களின் வேலை. பருந்தை வானத்தில் தேடக்கூடாது, தரையில் ஓடும் நிழலைப் பார்க்க வேண்டும் என்று நீ அந்த அதிகாரிக்கே சொல்லிக் கொடுத்தாயாம். அவர் தலையைக் குனிந்து தரையைப் பார்த்தாராம். முனிரத்தினம் சொல்லும்போது இந்த இடத்தில் எப்போதும் குரலைத் தாழ்த்துவார்.

ஷோ நடந்த அன்று காலை நம் பெண்கள் முப்பது பேரும் மீன் வாடை போகச் சீயக்காயும் புளியும் போட்டுத் தேய்த்துக் குளித்து, துவைத்த புடவையோடு லாரியில் போனீர்கள். நானும் வந்தேன். கழிகளில் கிழிந்த வலையும் கறுப்புத் துணியும் கட்டி, ஓடுபாதையின் இரு பக்கமும் எட்ட எட்ட நின்றீர்கள். நாற்காலியில் இருந்த முதலாளிகள் கயிற்றுக்கு அந்தப் பக்கம். நீங்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம். எத்தனை பெரிய வெளி அது! மரம் இல்லை, நிழல் இல்லை. ஏரியைக் கல்லாக்கிப் போட்டது போல ஒரு தரை.

பிறகு அவை வந்தன. கன்னியம்மா, எனக்கு அதை இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. கிழக்கே நான்கு வெள்ளிப் புள்ளிகள். கண்ணை மூடித் திறப்பதற்குள் தலைக்கு மேலே. அவை போன பிறகுதான் சத்தம் வந்தது. அது காதுக்கு வரவில்லை, மார்புக்குள் இறங்கி எலும்பைப் பிடித்து ஆட்டியது. வலையைக் கண்ட மடவை மீன் கூட்டம் ஒரே உடம்பு போலத் திரும்புமே, அப்படி நான்கும் சேர்ந்து திரும்பின. அவற்றுக்குள் யார் சொல்லி யார் கேட்கிறார்கள்? ஒன்று மட்டும் பிரிந்து செங்குத்தாக ஏறியது. ஏறி ஏறி, இனி மேலே இடமில்லை என்கிற இடத்தில் அப்படியே மல்லாந்து, தலைகீழாகவே நம் மேல் வந்தது. கூட்டம் முழுக்க வாய் பிளந்து நின்றது. மில்காரர் ஒருவர் தன்னை அறியாமல் நாற்காலி மேல் ஏறி நின்று கும்பிட்டார்.

நான் உன்னைப் பார்த்தேன். நீ வானத்தைப் பார்க்கவே இல்லை. முப்பது பேரும் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு நிழல் ஓடியதும் நீ கழியைத் தூக்கி ஒரு கூக்குரல் விட்டாய். அடுத்தவள் வாங்கினாள், அதற்கடுத்தவள் வாங்கினாள். பருந்து திரும்பிப் போனது. அதே நொடியில் விமானம் அந்த இடத்தைக் கடந்தது. மேலே போகிறவர்களா, கீழே நிற்கிறவர்களா, அன்று யாரைப் பார்த்து வியப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

முடிந்ததும், தலைகீழாக வந்த அந்த விமானி உங்களைத் தேடி நடந்தே வந்தார். கன்னத்தில் முகமூடி அழுத்திய தடம் சிவந்திருந்தது. உன் கழியை வாங்கிப் பார்த்தார். "மேலேருந்து உங்க எல்லாரையும் பாத்தேன். நீங்க ஒருத்தரும் என்னைப் பாக்கலையே" என்றார். "உன்ன பாத்துக்கினு இருந்தா உன்ன யாரு பாக்கறது நைனா?" என்றாய். அவர் கழியைத் திருப்பிக் கொடுத்தார். சல்யூட் அடித்தார். ஒரு மீன்காரிக்கு ராணுவ சல்யூட். இதற்கு நான் சாட்சி.

படகு வந்தது. பச்சை வண்ணம் அடித்து, நடுவில் படுக்கை போட்ட படகு. ஆறு குப்பமும் முறை வைத்துப் பார்த்துக்கொள்வது என்று கோயிலில் முடிவானது. லைசென்ஸ் வாங்க அலுவலகம் உதவியிருந்ததால், மரியாதைக்காக முதல் முறையை அவர்களுக்கே கொடுத்தோம். ஒப்படைக்கும் காகிதத்தை நான்தான் எழுதினேன்.

"எத்தினி நாளுக்குன்னு எழுதனியா அண்ணா?" என்று கேட்டாய்.

"அத்த வேற எழுதணுமா? முறைன்னா முடியும்னு எவனுக்குத் தெரியாது?" என்றேன்.

நம் ஏரியில் ஒரு முறை எப்போது முடிகிறது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. பொழுது சாய்ந்தால் வலையைச் சுருட்டிக்கொண்டு அடுத்தவனுக்கு வழி விடுகிறோம். உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். முதல் இரண்டு வருஷம் கூப்பிட்டால் படகு வந்தது. பிறகு அதிகாரிகள் மாறினார்கள். படகுக்குப் பூட்டு வந்தது. படுக்கையை எடுத்துவிட்டு மெத்தை வைத்த பெஞ்சு போட்டார்கள். வெயில் படாமல் மேலே கூரையும் வந்தது. நாம் போய்க் கேட்டபோதெல்லாம் அந்தக் காகிதத்தையே எடுத்துக் காட்டினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பாய்மரத்தில் ஏற்றினோம். எதிர்க்காற்று. என் மடியில் தலை வைத்திருந்தாய். கரைக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று நான் சொன்னது உனக்குக் கேட்டதா? கரையேறி உன்னை மணலில் கிடத்தியிருந்தபோது பச்சைப் படகு வந்து ஒதுங்கியது. கழுத்தில் தூரக்கண்ணாடி மாட்டிய ஒருவர் இறங்கி, "என்ன ஆச்சு?" என்று கேட்டார். அவரிடம் நான் எதைச் சொல்ல?

உன் மகள் சரோஜா கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனிக்கு பஸ்ஸில் போய் வருகிறாள். அங்கே இப்போது வயலைப் பார்க்க முடியவில்லை, புகைபோக்கிகள்தான். "கடுதாசி எழுதியே ஆபீஸ மூட வெச்சிடுவியா மாமா?" என்று கேலி பேசுகிறாள். ஆனால் நான் எழுதியதையெல்லாம் படி எடுத்து வைப்பவள் அவள்தான். முனிரத்தினம் உன் காரியத்துக்கு வந்திருந்தார். சாப்பிடாமல் எழுந்து போய் ஏரிக்கரையில் உட்கார்ந்துகொண்டார்.

இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன். அலுவலகத்துப் பெரிய அதிகாரி படகின் சாவியைக் கோயிலில் வந்து கொடுக்க வேண்டும். ஆள் அனுப்பக் கூடாது, அவரே வர வேண்டும். அந்தப் பெஞ்சுகளைப் போட்டவர்களே கழற்றிப் படுக்கையைத் திரும்பப் போட வேண்டும். அன்று நாற்காலியில் உட்கார்ந்த மில்காரர்களும் கம்பெனி முதலாளிகளும், தாங்கள் டிக்கெட் வாங்கியது நோயாளிகளுக்காகத்தான், நாரைக்காக அல்ல என்று ஆளுக்கு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சரோஜா பஸ்ஸிலிருந்து இறங்கி ஒவ்வொரு கம்பெனியாக அதை வாங்க வேண்டும். காவல்காரர் தடுத்தால் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியும். முனிரத்தினம் தான் கண்டதையும் கேட்டதையும் சாட்சியாகச் சொல்ல வேண்டும். அந்த முப்பது பெண்களில் நடக்க முடிந்தவர்கள் என்னோடு வர வேண்டும். ஆறு குப்பத்துத் தலைக்கட்டுகளும் கோயிலில் சீட்டெடுத்து, எந்தக் குப்பத்துக்கு எந்த மாதம் என்று இந்தத் தடவை காகிதத்தில் எழுத வேண்டும், ஆரம்பமும் முடிவும் சேர்த்து.

நான் செய்ய வேண்டியது ஒன்று. திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் அந்த மேஜைக்கு முன்னால் போய் நின்று, முதல் முறை முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். செவ்வாயும் சொல்ல வேண்டும், புதனும் சொல்ல வேண்டும். சாவி வரும்வரை சொல்வேன், தங்கச்சி. இதில் 'தாழ்மையுடன்' இருக்காது.

உன் தலையை மடியில் தாங்கியவன்,
உன் கூடப்பிறந்த அண்ணன்
ஏகாம்பரம்