வளைகாப்புக்கு வாங்கிய கார்

கடலூர் முதுநகர்,
திங்கட்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை அன்பரசு அவர்களுக்கு, மாமா தட்சிணாமூர்த்தி எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சுகம். எழுத்து கோணலாகவும் பெரிது சிறிதாகவும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அறுபத்தெட்டு வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு என் கையால் எழுதும் முதல் கடிதம். மூன்று நாளாக எழுதுகிறேன். முன்பென்றால் யாரிடமாவது சொல்லித்தான் எழுத வேண்டும். இந்த விஷயத்தை அப்படிச் சொல்லியிருக்க முடியாது.

போன வியாழன் உங்கள் காரில் வடலூர் போனோமே, நீங்கள் டீ வாங்கப் போன நேரம், கதவோரம் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். இப்போதெல்லாம் எழுத்தைக் கண்டால் விடுவதில்லை. 'ஆயில் மாற்றியது 1,42,000 கி.மீ.' முழுதாகப் படித்துவிட்டேன் என்று அத்தனை சந்தோஷம். பிறகு மீட்டரைப் பார்த்தேன். எழுபத்தோராயிரம்தான் காட்டியது. விற்றவன் மீட்டரைத் திருப்பி வைத்திருக்கிறான்.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். சேற்றுக் கறை. காலடி விரிப்புக்கு அடியில் வண்டல். ஏசியில் வரும் அந்த வாடை எனக்குத் தெரியும் மாப்பிள்ளை, வெள்ளம் வடிந்த வீட்டில் எத்தனை முறை படுத்திருக்கிறோம். திரும்பும்போது சேத்தியாத்தோப்பு தாண்டியதும் சூடு காட்டும் முள் ஏறியது. பிரேக்கை இரண்டு முறை மிதித்த பிறகுதான் வண்டி நின்றது. நான் பார்த்ததை நீங்களும் பார்த்தீர்கள்.

இங்கே அய்யனார் என்று ஒரு மெக்கானிக். யாருடைய கார் என்று சொல்லாமல், எட்டு மாதக் கர்ப்பிணி ஏறப்போகிறாள் என்று மட்டும் சொல்லிக் கேட்டேன். "தண்ணியில நின்ன வண்டியா? ஒயரெல்லாம் உள்ளுக்குள்ளயே அரிச்சிருக்கும் பெரியவரே. கழட்டிப் பாக்காம புள்ளத்தாச்சிய ஏத்தாதீங்க" என்றார். அன்றிலிருந்து தூக்கமில்லை.

தப்பு என்னுடையது. வளைகாப்புக்கு நாள் குறித்த அன்று எல்லார் முன்னாலும், "பஸ்லயா மாப்ள எம் பொண்ண அனுப்பப் போறீங்க?" என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். நீங்களும் சிரித்தீர்கள். பத்தாம் நாள் உங்கள் வாசலில் இந்தப் பழைய கார் நின்றது.

வரும் ஞாயிறு வளையல் போட்டு முடிந்ததும் என் பெண் அனுவை ரயிலில் இங்கே கூட்டி வருகிறோம். மாமாவுக்குக் காரில் வாந்தி வருகிறது என்று நானே எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன். உங்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். நீங்கள் தனியாகக்கூட அதை ஓட்ட வேண்டாம். அய்யனாரை நான் சிதம்பரத்துக்கே அழைத்து வருகிறேன்.

இதை அனுவிடம் காட்ட வேண்டாம். படித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள், வருத்தப்பட மாட்டேன்.

நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்க வேண்டும். அடுத்த வாரம் அனு இங்கே எப்படி இருக்கிறாள் என்று எழுதுவேன். அதை எழுத வையுங்கள், மாப்பிள்ளை.

இப்படிக்கு,
உங்கள் மாமா
தட்சிணாமூர்த்தி