சோடியம் சரியாக இருக்கும்போது எழுதியது

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது, பழக்கதோஷம், அதை விட்டுவிடுகிறேன்.

டயாலிசிஸ் முடிந்து வந்து உட்கார்ந்திருக்கிறேன். இப்போதெல்லாம் மெஷினில் போடும் முன்பே ரத்தம் எடுத்துச் சோடியம் பார்க்கிறார்கள். தண்ணீர் சேரச் சேர அது நீர்த்துப்போகுமாம், நான் திருட்டுத்தனமாகக் குடிப்பதெல்லாம் அதில் தெரிந்துவிடுகிறது. நர்ஸம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ஐயா, யாருக்கும் தெரியாம எத்தனை டம்ளர் உள்ள போச்சு?" என்று கேட்கும். வாய்தான் கொப்பளித்தேன் என்பேன். நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும்போது யாருக்கம்மா புத்தி வேலை செய்யும்? உன் அம்மா ஃபிரிட்ஜைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறாள், பெரிய கஜானாக்காரி மாதிரி.

சோடியம் இறங்கினால் புத்தி தடுமாறுகிறது. போன வாரம் டாக்டர் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டதற்கு மூன்று என்றேனாம். "மத்த ரெண்டையும் எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று அம்மா கேட்க எல்லாரும் சிரித்தார்கள், பிறகு அவள் வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள். அன்றைக்குத்தான் போனில் உன்னிடம் வந்துவிடு என்று அழுதேன். அவள் பிடுங்கி, "சோடியம் கொறஞ்சா இப்படித்தான் உளறுவார், நீ வேலையைப் பாரு" என்றது என் காதில் விழுந்தது. நீயும் சரி என்று வைத்துவிட்டாய். அவள்மேல் கோபப்படாதே, கிடைத்த வேலையை விட்டு நீ ஓடிவந்துவிடுவாயோ என்ற பயம்.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. இதயம் களைத்துவிட்டது, பாதியில் பிரஷர் விழுந்து மெஷினை நிறுத்துகிறார்கள், தேங்கின தண்ணீர் முழுதாக வெளியேறுவதில்லை. "சோடியத்தை ஒரேயடியா ஏத்தினா மூளைக்கு ஆபத்து, மெல்ல ஏத்தினா மறுபடி இறங்கிடுது, முடிஞ்ச வரைக்கும் இழுத்துப் பிடிக்கிறோம்" என்றார். எனக்கும் நம்பிக்கை விட்டுப்போயிற்று பாப்பா, சும்மா தைரியம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

இன்றைக்கு அளவு சரியாக இருக்கிறது, நர்ஸம்மாவிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். எனக்கு ஒரே பிள்ளை, அது நீ. இந்தத் தெளிவோடு சொல்கிறேன், வந்துவிடு. இது உன் கைக்குக் கிடைக்கும்போது நான் எப்படி இருப்பேனோ தெரியாது. போனில் "வராதே" என்று நான் சொன்னால், அதைத்தான் உளறல் என்று எடுத்துக்கொள்.

குழந்தைக்கு என் முத்தம். மூவரும் நூறு வயது நன்றாக வாழுங்கள். தண்ணீர் நிறையக் குடி அம்மா, நீ குடிக்கலாம்.

இப்படிக்கு,
இன்றைக்குத் தெளிவாக இருக்கும்
அப்பா